தொண்ணூற்றைந்து டாலர்

துலூத் நகரில் ஏப்ரல் என்றால் இன்னும் பனிதான்.
ஏரிக்காற்று கதவின் அடியைத் துழாவுகிறது.
எரிவாயு ரசீதுக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவே
கெட்டித் தாளில் ஒரு கடிதம்:
ஓரமெல்லாம் பொன்கோடு,
உச்சியில் மூன்று கிரேக்க எழுத்து,
அடியில் யாருடையதோ
அச்சடித்த கையெழுத்து.

"அன்புள்ள மார்லிஸ் வுகெலிக்."
கடைசி எழுத்து தப்பு. வுகெலிச்.
என் பெயரை எழுதத் தெரியாதவர்கள்
என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

என்னை யாரும் தேர்ந்தெடுத்து வெகுநாள் ஆயிற்று.
கடைசியாக மாவட்ட நீதிமன்றத்தில், ஜூரியாக.
அதற்கு அவர்கள் பணம் தந்தார்கள்.
இதற்கு நான் தரவேண்டும்.
தொண்ணூற்றைந்து. வாழ்நாள் உறுப்பினர்.

வாழ்நாளை வகுத்துப் பார்த்தேன்.
எனக்கு முப்பத்தொன்பது.
என் வீட்டு ஆண்கள் இரும்புச் சுரங்கத் தூசியில்
எழுபதைத் தொட்டதில்லை,
பெண்கள் அவர்களுக்குத் துணி துவைத்தே தொட்டதில்லை.
எழுபது என்றே வைத்தாலும் ஆண்டுக்கு மூன்று டாலர் சொச்சம்.
மோசமில்லை.

காரின் வலது முன்டயர் வழுக்கையாகிக் கிடக்கிறது.
அதற்கு அவ்வளவு நாள் பொறுமையில்லை.

கல்லூரி ஆலோசகர் ஹால்வர்சன் சொன்னார்:
"விண்ணப்பத்தில் பார்க்க நன்றாக இருக்கும்."
யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
நெடுநேரம் துடைத்தார்.

ராத்திரி, மருத்துவமனை சலவைக்கூடத்தில்
விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி ஓடெல்:
"மெடல் ஏதும் தருவாங்களா?"
"கழுத்துல போட ஒரு பட்டுக்கயிறு."
"சும்மாவா?"
"அதுக்குத் தனிக் காசு."
சிரித்துச் சிரித்து விரிப்பை விட்டுவிட்டார்,
மறுபடி முதலிலிருந்து மடித்தோம்.

சிரிப்பு அடங்கியதும்
எனக்கு மட்டும் ஒன்று அடங்கவில்லை.
பதினேழு வயதில் பள்ளியைப் பாதியில் விட்டு
வயிற்றுப்பிள்ளையோடு படியிறங்கியவளுக்கு
அந்தக் கயிறு வேண்டும்.
முட்டாள்தனம்தான். வேண்டும்.

கடிதத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.
காரெட் என்றொரு பையன்,
எழுதி வைத்ததை வாசித்து வாழ்த்தினான்.
"நீயும் உறுப்பினரா?"
"ஆமாம்."
"சேர்ந்ததால் என்ன கிடைத்தது?"
தொலைவில் யார்யாரோ யார்யாரையோ
வாழ்த்திக்கொண்டிருக்கும் இரைச்சல்.
"இந்த வேலை" என்றான்.
பிறகு குரலை இறக்கி,
"வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு போட்டிருக்கும்.
நம்பாதீங்க. இன்னும் ரெண்டு தடவை அனுப்புவாங்க."

வெள்ளிக்கிழமை
புது டயர் பனியைக் கடித்துக்கொண்டு மேடேறியது.
வருத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன்.
கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தி
கொஞ்ச நேரம் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சுவாச சிகிச்சை வகுப்பில் என் மேசைத் துணை
பாவ் ஷியோங்.
அவனுக்கு அந்தக் கடிதம் வரவில்லை.
வாசல் மூன்றரைப் புள்ளியில் திறக்கும்.
அப்பாவின் டயாலிசிஸ் பருவத்தில்
இவன் நூற்றில் நான்கு பங்கு கீழே நின்றுவிட்டான்.
எனக்குக் கணக்கு வரவழைத்தவனும் இவன்தான்.

கடிதத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
ஒரு சிலிண்டர், அழுத்தம் இரண்டாயிரம்,
நிமிடத்துக்கு நான்கு லிட்டர்.
நோயாளிக்கு எத்தனை நிமிட மூச்சு?
நல்ல தாள், மை ஊறவில்லை.
நூற்று நாற்பது என்று எழுதினேன்.

பொன்கோட்டை அவன் பார்த்துவிட்டான்.
"வாழ்த்துகள்" என்றான்.
காரெட்டைப் போல வாசிக்கவில்லை.
நான் சொல்ல வாயெடுப்பதற்குள்
பென்சில் முனையால் விடையைத் தட்டினான்:
"மிச்சம் வைக்க மறந்துட்டீங்க.
சிலிண்டரைக் காலியாகுற வரைக்கும் ஓட்டக்கூடாது.
இருநூறைக் கழிங்க."

கழித்தேன்.
நூற்று இருபத்தாறு.